சுரங்கத்தொழில் ஐரோப்பிய மலைநிலத்தை என்ன செய்தது? ஹார்ட்ஸ் மலையை முன்வைத்து ஒரு விடை

ஐரோப்பாவின் பழைய சுரங்கப் பகுதிகளில் காடுகளை அழித்தது சுரங்கத்தொழில்தானா, சுரங்கங்கள் மூடப்பட்ட பின் அந்த நிலம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா என்று கேட்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பா முழுவதற்கும் பொருந்தும்படி ஒரே விடை சொல்ல முயன்றால் அது எந்த இடத்துக்கும் சரியாகப் பொருந்தாது. ஆகவே சான்றுகள் செறிவாகக் கிடைக்கும் ஓர் இடத்தை, வட ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதியை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமும் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமும் கொண்ட இந்த மலைத்தொகுதியின் உச்சியான பிராக்கன் 1,141 மீட்டர் உயரம் மட்டுமே. ஆயினும் வெள்ளி, ஈயம், செம்பு, துத்தநாகம் ஆகியவற்றின் தாதுக்கள் இங்கே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தோண்டப்பட்டன. சுரங்கத்தின் வரலாறு என்றால் நிலத்தடியில் நடந்ததைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஒரு சுரங்கம் நிலத்துக்கு மேலே எவ்வளவு மரத்தையும் நீரையும் புல்லையும் தானியத்தையும் கேட்டது என்பதைப் பார்த்தால்தான் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்பது என் கருத்து.

தொடக்கத்திலிருந்து வருவோம். கோஸ்லார் நகருக்குத் தெற்கே இருக்கும் ராம்மெல்ஸ்பெர்க் குன்றின் தாதுவைப் பற்றிய எழுத்துச் சான்று பத்தாம் நூற்றாண்டுக்கு உரியது. கோர்வே மடத்துத் துறவியான விடுகின்ட், பேரரசர் முதலாம் ஓட்டோவின் காலத்தில் அன்று சாக்சனி எனப்பட்ட வட ஜெர்மன் நாட்டில் வெள்ளித் தாது திறக்கப்பட்டதாக 968ஆம் ஆண்டையொட்டி எழுதினார். எழுத்து பிந்தியது, மண் முந்திச் சாட்சி சொல்கிறது. மலையின் தென்மேற்கு ஓரத்தில், ஓஸ்டரோடெ நகருக்கு அருகிலுள்ள டூனா என்ற பழைய குடியிருப்பை அகழ்ந்தபோது, ராம்மெல்ஸ்பெர்க் தாதுவை உருக்கியதற்கான தடயங்கள் கி.பி. மூன்றாம், நான்காம் நூற்றாண்டு அடுக்குகளிலேயே கிடைத்தன. அதாவது தாது இருந்த இடத்திலிருந்து மலையைக் கடந்து அதன் மறுபுறத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு உருக்கப்பட்டிருக்கிறது.

இந்தச் செய்திக்குள் நிலப் பயன்பாட்டின் அடிப்படைக் கணக்கு ஒன்று இருக்கிறது. தாதுவை உருக்க, தாதுவைவிடப் பெரிய சுமையாக மரக்கரி தேவைப்பட்டது. ஒரு பங்கு எடையுள்ள கரியைப் பெற ஐந்து பங்கோ அதற்கு மேலோ எடையுள்ள மரத்தை எரிக்க வேண்டும். அந்தக் கரியும் கரடுமுரடான பாதையில் நெடுந்தூரம் சென்றால் நொறுங்கித் தூளாகிவிடும். தாதுவுக்கோ அந்தச் சிக்கல் இல்லை. எனவே காட்டைத் தாதுவிடம் கொண்டுவருவதைவிடத் தாதுவைக் காட்டுக்குள் கொண்டுபோவது மலிவாக இருந்தது. ஒரு பள்ளத்தாக்கில் மரம் தீர்ந்ததும் உலை அடுத்த பள்ளத்தாக்குக்கு நகர்ந்தது. இன்று மலையின் வடமேற்கு உயர்நிலமான மேல் ஹார்ட்ஸின் காட்டுக்குள் ஓடையோரமாக நடந்தால், எந்தச் சுரங்கமும் அருகில் இல்லாத இடங்களில்கூட உலைக்கழிவைக் கொட்டிய இடைக்காலக் கசடுமேடுகள் தென்படுவதற்குக் காரணம் இதுதான். சரிவுகளில் கரிமூட்டம் போடுவதற்காகச் சமன் செய்யப்பட்ட வட்டத் திட்டுகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் மண்ணில் கிடைக்கும் கரித்துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த மரம் எரிக்கப்பட்டது என்று தெரிந்துவிடும். பழைய மூட்டங்களில் பீச், மேப்பிள் போன்ற அகன்ற இலை மரங்கள் மிகுதி. பிந்தியவற்றில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. எந்த ஆவணத்திலும் எழுதப்படாத காட்டு வரலாறு இப்படி அந்தக் கரியிலேயே பதிவாகியிருக்கிறது. உயர்நிலச் சதுப்புகளில் மட்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டான முற்றா நிலக்கரியும் அத்தகைய ஓர் ஆவணமே. அதன் மகரந்தத் துகள்கள் காட்டின் மாற்றத்தைக் காட்டுகின்றன; காற்றில் பறந்து வந்து படிந்த ஈயம் உலைகள் எரிந்த காலங்களைக் காட்டுகிறது.

இடைக்காலத்தில் இந்த வெள்ளியின் மீது பெரிய அதிகாரங்கள் எழுந்தன. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் வட ஐரோப்பாவெங்கும் புழங்கிய ஓட்டோ, அடெல்ஹைட் என்ற பெயர்கள் பொறித்த வெள்ளிக் காசுகளும், பதினோராம் நூற்றாண்டில் பேரரசர் மூன்றாம் ஹென்றி கோஸ்லாரில் கட்டிய அரண்மனையும் பலரும் அறிந்தவை. நிலத்தைப் பொறுத்தவரை அவற்றைவிட முக்கியமானவர்கள் மலையின் தென்னோரத்தில் 1127இல் நிறுவப்பட்ட வால்கென்ரீட் மடத்தின் துறவிகள்; சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர்கள். இவர்கள் ஒரே நிர்வாகத்தின் கீழ் ராம்மெல்ஸ்பெர்க்கில் பங்கு வைத்திருந்தார்கள், காட்டுக்குள் உலைகள் நடத்தினார்கள், அடிவாரத்துச் சதுப்புநிலங்களை வடித்து வயலாக்கினார்கள், மீன் குளங்கள் வெட்டினார்கள். ஏரி, மதகு, வாய்க்கால் ஆகியவற்றைக் கட்டும் நுட்பம் இவர்களிடமிருந்துதான் பிற்காலச் சுரங்க நீர் அமைப்புக்குச் சென்றது என்று கருத நல்ல காரணம் உண்டு.

பதினான்காம் நூற்றாண்டின் நடுவில் இவை யாவும் நின்றுபோயின. எளிதில் எட்டக்கூடிய தாது தீர்ந்து, ஆழமான குழிகளில் நீர் நிரம்பி, 1348ஐ ஒட்டிப் பரவிய கொள்ளைநோயும் சேர்ந்து மக்களை வாரிக்கொண்டு போனபோது மேல் ஹார்ட்ஸ் ஏறத்தாழ ஆளற்ற மலையாயிற்று. அங்கிருந்த செல்லா மடம்கூட 1431இல் கலைக்கப்பட்டது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மலையில் காடு தடையின்றி வளர்ந்தது. சுரங்கத்தால் காடு ஒரேயடியாக அழிந்தது என்று சொல்பவர்கள் இந்த இடைவெளியைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பதினாறாம் நூற்றாண்டில் சுரங்கத்தொழில் திரும்பி வந்தபோது அதை வரவேற்ற அடர்ந்த காடு, பழைய சுரங்கக் காட்டின் இடிபாட்டின் மேல் வளர்ந்த இரண்டாம் காடு. அதைக் கன்னிக் காடு என்று எழுதுவது பிழை.

இரண்டாம் எழுச்சி முதலாவதிலிருந்து தன்மையிலேயே வேறுபட்டது. 1520களிலிருந்து அந்தப் பகுதியின் இளவரசர்கள் சுரங்க உரிமைப் பத்திரங்களை வெளியிட்டுத் தொழிலாளர்களை அழைத்தார்கள். கிளவுஸ்தால், செல்லர்ஃபெல்ட், சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க், அல்டெனாவ், லவுட்டென்தால், வில்டெமான், குருண்ட் என ஏழு சுரங்க நகரங்கள் உருவாயின. வந்தவர்களில் பெரும்பாலோர் சாக்சனியின் தாதுமலைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பேச்சுவழக்கு, சுற்றிலும் வேறு வழக்குப் பேசும் நாட்டுக்கு நடுவே இருபதாம் நூற்றாண்டு வரை ஒரு தீவாக நிலைத்திருந்தது. அந்தப் பத்திரங்கள் வரிவிலக்கோடு நின்றுவிடவில்லை. வீடு கட்ட மரம், எரிக்க விறகு, காட்டில் மாடு மேய்க்கும் உரிமை ஆகியவற்றையும் அளித்தன. ஒரு சுரங்கத் தொழிலாளியின் கூலி தாழ்வாக இருந்தும் குடும்பம் நடந்தது என்றால் அதற்குக் காரணம் அந்தக் காடும் புல்வெளியும்தான். கூலியின் ஒரு பகுதியை நிலமே கொடுத்தது என்று சொல்வது மிகையாகாது.

அந்த உயரத்தில் தானியம் ஒழுங்காக விளையாது. ஆகவே தேவையான தானியமெல்லாம் அடிவாரச் சமவெளியிலிருந்து ஏற்றப்பட்டது. ஓஸ்டரோடெயில் 1719க்கும் 1722க்கும் இடையில் கட்டப்பட்ட பெரும் தானியக் களஞ்சியம் மலைத் தொழிலாளர்களுக்கு நிலையான விலையில் தானியம் கிடைக்கச் செய்வதற்காகவே எழுந்தது. மலையில் விளைந்தது புல் மட்டுமே. குடும்பத்துக்கு ஓரிரு பசுக்கள் இருந்தன. கோடையில் ஊர் மேய்ப்பர் எல்லா மாடுகளையும் கழுத்து மணிகள் ஒலிக்கக் காட்டுக்குள் ஓட்டிச் செல்வார். ஊரைச் சுற்றி வெட்டித் திருத்திய வெளிகளில் புல் அறுத்துக் குளிர்காலத்துக்கு உலர்த்துவார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை அறுத்து, வேறு உரமின்றி மாட்டெருவை அளவாக இட்டு வந்த அந்த வெளிகளில் ஆர்னிகா முதலிய மலைப் பூச்செடிகள் பெருகின. இன்று இயற்கை ஆர்வலர்கள் கொண்டாடும் ஹார்ட்ஸ் மலைப் புல்வெளிகள், சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் அரிவாளால் காத்தவை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பாவில் சுரங்கத்துக்காக ஒரு நிலப்பரப்பு முழுவதும் திருப்பி அமைக்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேறொன்றை நான் அறியேன். குழி ஆழமாக ஆக, ஊறும் நீரை இறைக்க வேண்டும். அதற்கு நீர்ச்சக்கரம், சக்கரத்தைச் சுழற்ற மேலிருந்து விழும் நீர், கோடையிலும் உறைபனிக் காலத்திலும் அந்த நீர் தடைபடாமலிருக்க ஏரி என ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது. பதினாறாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை மேல் ஹார்ட்ஸில் 140க்கும் மேற்பட்ட ஏரிகளும், சரிவுகளின் சமவுயரக் கோட்டைத் தழுவிச் செல்லும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் நீளக் கால்வாய்களும், மலையைக் குடைந்த பல நீர்ச்சுரங்கங்களும் அமைக்கப்பட்டன. பழைய ஏரிக்கரைகளில் நீர் கசியாமலிருக்க, புல்வெளியிலிருந்து வேரோடு வெட்டியெடுத்த புற்பாளங்களை அடுக்கினார்கள். கரை எழுந்த ஒவ்வோர் இடத்தையும் சுற்றி மேல்மண் உரிக்கப்பட்ட நிலம் கிடந்தது. 1715க்கும் 1722க்கும் இடையில் கருங்கல்லால் கட்டப்பட்ட ஓடர் ஏரி அணை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி வரை ஜெர்மனியின் மிகப் பெரிய அணையாக இருந்தது. அதன் நீர் சாங்க்ட் ஆண்ட்ரியாஸ்பெர்க் சுரங்கங்களுக்குப் போயிற்று. கிளவுஸ்தாலுக்குப் பிராக்கன் அடிவாரத்து மழை வேண்டியிருந்தது. இடையில் ஒரு தாழ்வு குறுக்கிட்டதால், 1732 முதல் 1734 வரை 940 மீட்டர் நீளமும் 16 மீட்டர் உயரமும் கொண்ட மண்ணணை ஒன்றை எழுப்பி அதன் மேல் கால்வாயை ஓடவிட்டார்கள். தத்துவஞானி லைப்னிட்ஸ் 1680களில் காற்றாலைகளைக் கொண்டு நீர் இறைக்க இங்கே பல ஆண்டுகள் முயன்று தோற்றார். அந்த மலையின் காற்றை நம்ப முடியவில்லை. தேக்கிவைத்த மழையை நம்ப முடிந்தது.

இப்போது காட்டுக்கு வருகிறேன். சுரங்கம் காட்டை அழித்ததா என்றால், அழித்தது, பிறகு தன் தேவைக்கேற்ப வேறொரு காட்டை வளர்த்தது என்பதே விடை. கரி மட்டுமல்லாமல் சுரங்கச் சுவர்களைத் தாங்கும் கட்டைகள், சக்கரங்கள், குழாய்கள், ஏணிகள், பலகை வேய்ந்த வீடுகள் என எல்லாமே மரமாக இருந்தன. கிளவுஸ்தாலின் பெரிய தேவாலயம்கூட மரத்தால் ஆனது, 1642இல் திறக்கப்பட்டது. ராம்மெல்ஸ்பெர்க்கில் கடினமான பாறையை வெடிக்கச் செய்ய நிலத்தடியில் விறகை அடுக்கி எரிக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. காட்டை இழந்தவன் சுரங்கத்தையும் இழப்பான் என்பதை ஆட்சியாளர்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள். பிரவுன்ஷ்வைக் கோமகன் இளைய ஹைன்ரிஷ் 1552இல் ஒப்பந்தத்தின் மூலம் கோஸ்லார் நகரத்தைப் பணியவைத்தபோது, ராம்மெல்ஸ்பெர்க் உரிமைகளோடு நகரத்துக் காடுகளின் பெரும்பகுதியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.

மரத்தட்டுப்பாடு என்ற புலம்பல் பதினாறு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரையிலான ஆவணங்களில் ஓயாமல் கேட்கிறது. அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. மேய்ச்சலைத் தடுக்கவும் விறகு உரிமையைக் குறைக்கவும் அதிகாரிகளுக்கு அந்தப் புலம்பல் வசதியாக இருந்தது. ஆனால் முழுவதும் பொய்யுமில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் பிராக்கனின் தோளில் உள்ள ஹைன்ரிஷ்ஸ்ஹோஹெயில் முற்றா நிலக்கரியை வெட்டி உலர்த்திக் கரியாக்க முயன்றார்கள் என்றால், கீழே மரத்தின் நிலை எப்படியிருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். ஓயாத மூடுபனியில் அது உலரவேயில்லை. சில பத்தாண்டுகளில் கைவிடப்பட்டது. சாக்சனியின் ஃபிரைபெர்க் சுரங்க நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் வெளியிட்ட காட்டியல் நூலில், வளர்வதற்கு மிகாமல் வெட்ட வேண்டும் என்ற கொள்கையை முறைப்படுத்தினார். இன்று உலகெங்கும் பேசப்படும் நீடித்த பயன்பாடு என்ற சிந்தனைக்கு ஜெர்மன் மொழியில் கிடைத்த முதல் எழுத்துவடிவங்களில் ஒன்று, உலைகளுக்கு அடுத்த தலைமுறையிலும் கரி கிடைக்க வேண்டும் என்ற கவலையிலிருந்து பிறந்தது. ஹார்ட்ஸிலும் யோஹான் கேயோர்க் ஃபான் லாங்கென் போன்றோர் அதே நூற்றாண்டில் காடுகளை அளந்து, வரைபடமிட்டு, ஆண்டுவாரியாக வெட்டும் பகுதிகளைப் பிரித்தார்கள்.

அந்தத் திட்டத்துக்கு உகந்த மரமாக ஸ்புரூஸ் தேர்ந்தெடுக்கப்பட்டது. அது விரைவாகவும் நேராகவும் வளரும், பனியைத் தாங்கும், வெட்டவெளியில் விதைத்தாலும் முளைக்கும். அது ஹார்ட்ஸுக்கு அந்நிய மரமுமல்ல, மலையின் மேற்பகுதியில் தானாகவே வளர்வது. ஆனால் ஏறத்தாழ 800 மீட்டருக்குக் கீழே இயல்பாக ஆள வேண்டியது பீச் காடு. அங்கேயும் ஒரே வயது ஸ்புரூஸ் நிரைநிரையாக நிற்கத் தொடங்கியதும் அதற்குரிய பகையும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புயல்களும் மரப்பட்டை வண்டுகளும் சேர்ந்து பெரும்பரப்பிலான காட்டைக் காயவைத்தன. அதன் பிறகும் ஸ்புரூஸையே நட்டார்கள், ஏனெனில் சுரங்கம் காத்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வந்து கல்கரியும் வந்தபோது மரக்கரியின் தேவை மறைந்தது, கரிமூட்டம் போடுபவர்கள் தொழிலை விட்டார்கள். காட்டை நடத்திய முறை மட்டும் மாறாமல் மரவியாபாரத்துக்குத் தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வென்ற நாடுகளுக்குப் போர் இழப்பீடாகப் பெருமளவு மரம் வெட்டி எடுக்கப்பட்டபோதும், வெறுமையான சரிவுகளில் மீண்டும் ஸ்புரூஸே நடப்பட்டது.

நஞ்சைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விடை நேர்மையாக இருக்காது. தாதுவை இடித்துக் கழுவிய ஆலைகள் ஈயமும் துத்தநாகமும் கலந்த நுண்மணலை இன்னர்ஸ்டெ, ஓக்கர் ஆறுகளில் விட்டன. வெள்ளம் அதைச் சுமந்துபோய்ச் சமவெளியின் மேய்ச்சல் நிலங்களில் பரப்பியது. சுரங்கத்தால் ஒரு காசும் ஆதாயமடையாத, மலையிலிருந்து வெகுதொலைவில் வாழ்ந்த உழவர்களின் கால்நடைகள் நோயுற்றன. அவர்களுடைய முறையீடுகள் நூற்றாண்டுக் கணக்கில் நீண்டன. உலைப்புகை சுற்றிலுமிருந்த மரங்களைக் கருக்கியது. இந்தப் பாதிப்பு சுரங்கத்தோடு மூடப்படவில்லை. ஆற்றோர மண்ணில் ஈயமும் காட்மியமும் இன்றும் மிகுந்திருப்பதால், கோஸ்லார் மாவட்டத்தில் 2001இல் தனி மண் ஒழுங்குவிதி கொண்டுவரப்பட்டது. பரப்பு மாசின் அளவுக்கேற்ப மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, தோண்டிய மண்ணை எங்கே கொட்டலாம் என்பது வரை வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதே கசடுமேடுகளில், வேறு செடிகள் தாங்காத உலோக மண்ணில் மட்டும் போட்டியின்றி வளரும் அரிய சிறுசெடிகள் குடியேறியுள்ளன. ஐரோப்பிய இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் அவற்றின் வாழிடத்தைக் காக்கிறது. நஞ்சான மேட்டை அப்புறப்படுத்தினால் பாதுகாக்கப்பட்ட வாழிடம் அழியும், விட்டுவைத்தால் ஈயம் கசியும். ஒவ்வொரு மேட்டையும் தனித்தனியே எடைபோட்டு முடிவு செய்வதைத் தவிர இதற்குப் பொதுத்தீர்வு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லா இடத்திலும் கதை இப்படியே என்று எண்ண வேண்டாம். தெற்கு ஸ்பெயினின் ரியோ டின்டோவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்புத் தாதுவைத் திறந்தவெளியில் குவித்து வறுத்ததால் எழுந்த கந்தகப் புகை வயல்களைக் கெடுத்தது. அதை எதிர்த்து 1888 பிப்ரவரியில் கூடிய தொழிலாளர்கள், உழவர்கள் மீது இராணுவம் சுட்டது. அங்கே சுரங்கம் ஹார்ட்ஸைப் போல உள்ளூர்க் காட்டை நம்பி வாழவில்லை.  ஒரு சுரங்கம் உள்ளூர்க் காட்டையும் நீரையும் நம்பி வாழ்ந்தபோது அவற்றைக் காக்க வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. ரயிலும் கப்பலும் அந்தக் கட்டாயத்தை நீக்கிய பின்புதான் மிகப் பெரிய அழிவுகள் நேர்ந்தன என்றே நான் கருதுகிறேன்.

இனிக் கேள்வியின் இரண்டாம் பகுதி. கிளவுஸ்தால் சுரங்கங்கள் 1930இல் மூடப்பட்டன, ராம்மெல்ஸ்பெர்க் 1988இல், மேல் ஹார்ட்ஸின் கடைசிச் சுரங்கமான குருண்ட் 1992இல். நிலம் பழைய நிலைக்குத் திரும்பிற்றா என்றால், எந்தப் பழைய நிலை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 900ஆம் ஆண்டின் பீச் காடா, 1500இன் இரண்டாம் காடா, 1750இன் வெட்டுண்ட சரிவுகளா? நீர் அமைப்பில் 65 ஏரிகள் இன்றும் நீர்வாரிய நிறுவனத்தால் பராமரிக்கப்படுகின்றன. குடிநீர் வழங்கலுக்கும் வெள்ளத் தடுப்புக்கும் அவை உதவுகின்றன, கோடையில் மக்கள் அவற்றில் நீந்துகிறார்கள். ராம்மெல்ஸ்பெர்க்கும் கோஸ்லார் பழைய நகரும் 1992இலும், நீர் அமைப்பும் வால்கென்ரீட் மடமும் 2010இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. மலைப் புல்வெளிகளை அறுக்காமல் விட்டால் சில பத்தாண்டுகளில் மரம் முளைத்து மறைந்துவிடும் என்பதால், சிவப்பு ஹார்ட்ஸ் மாடுகளை வளர்ப்பவர்களுக்கும் புல் அறுப்பவர்களுக்கும் அரசு மானியம் அளிக்கிறது.

காட்டில் நடப்பது வேறு. 2018இல் தொடங்கிய தொடர் வறட்சிக்குப் பின் மரப்பட்டை வண்டு மீண்டும் பெருகி, ஹார்ட்ஸின் ஸ்புரூஸ் காட்டில் பெரும்பகுதியைச் சாகடித்துவிட்டது. பிராக்கனுக்குச் செல்லும் வழியெங்கும் சாம்பல் நிறத் தண்டுகள் நிற்பதைக் கண்டு முதன்முறை வருபவர்கள் திகைத்துப்போகிறார்கள். ஹார்ட்ஸ் தேசியப் பூங்காவின் பெரும்பரப்பில் பட்டமரங்களை அகற்றாமல் அப்படியே விடுகிறார்கள். அவற்றுக்கு இடையே ரோவன் மரமும் பிர்ச் மரமும் இளம் ஸ்புரூஸும் தாமாக எழுகின்றன. பூங்காவின் கீழ்ச்சரிவுகளில் பீச் கன்றுகளை நட்டு உதவுகிறார்கள், ஏனெனில் விதை தரும் தாய்மரங்கள் அங்கே பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கரியாகிவிட்டன. பூங்காவுக்கு வெளியே மரத்தை நம்பி வாழும் காட்டு உரிமையாளர்கள் எந்த மரத்தை நடுவது என்று இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். டக்ளஸ் ஃபிர் போன்ற வட அமெரிக்க மரங்களும் அந்த வாதத்தில் இருக்கின்றன.